ஸ்டெம் செல் வைத்தால் நடுக்கம் நிற்குமா?

போன தீபாவளி லீவுக்குப் போடி வீட்டுக்குப் போனபோது, அப்பா ஒரு நோட்டீஸை எடுத்து என் முன்னால் வைத்தார். "பார்க்கின்சனுக்கு நிரந்தரத் தீர்வு, ஸ்டெம் செல் சிகிச்சை" என்று பெரிய எழுத்தில் இருந்தது. மூன்று தவணை ஊசி, மொத்தம் ஆறு லட்சம்.

"வீட்ல படிச்ச பையன் நீதானே. இது நெசமா, டுபாக்கூரா, பார்த்துச் சொல்லு. நெசம்னா மெட்டுக்கு மேல இருக்கிற தோட்டத்தை வித்துப்புடலாம்னு இருக்கேன்" என்றார்.

நான் படிப்பது ஈசிஇ. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பயாலஜிக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முடிந்துவிட்டது. ஆனால் ஒரு ஏக்கர் ஏலத்தோட்டம் போகுமா நிற்குமா என்பது என் பதிலில் இருக்கிறது என்றால் படிக்காமல் எப்படி இருப்பது? ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன். அப்பாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். அந்த நோட்டுதான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கலாம், அவர்கள் பெயரிலும் ஒரு நோட்டீஸ் வரலாம். அதனால் நம்ம இதழிலேயே போட்டுவிடலாம் என்று தோன்றியது.

முதலில் தாத்தாவைப் பற்றி

தாத்தா நாற்பது வருஷம் போடியில் ஏலக்காய் தரம் பார்த்தவர். போடியைத் தெரியாதவர்களுக்கு: இடுக்கி மலையில் விளைகிற ஏலக்காயில் பெரும்பங்கு போடிக்கும் வண்டன்மேட்டுப் பக்கத்து புத்தடிக்கும்தான் ஏலத்துக்கு வரும். காலையில் ஜீப் ஜீப்பாக ஆட்கள் மலையேறுவார்கள், சாயங்காலம் இறங்குவார்கள். ஊருக்குள் வந்தாலே வாசம் அடிக்கும்.

அந்த வாசம் தாத்தாவுக்கு வருவது எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. ஒரு நாள் கைநிறையக் காயை அள்ளி மூக்கில் வைத்துவிட்டு, "என்னடா, இந்தச் சரக்குல வாசமே இல்ல" என்றார். சளி என்று நினைத்தோம். அதற்கு மூன்று வருஷம் கழித்து வலது கை பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தானாக ஒன்றோடொன்று உரச ஆரம்பித்தன, மாத்திரை உருட்டுகிற மாதிரி. அப்புறம் நடை சுருங்கியது, சட்டை பட்டன் போட கால் மணி நேரம் ஆனது, கையெழுத்து எறும்பு சைஸுக்கு வந்தது.

வாசம் போவது பார்க்கின்சன் நோயின் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று என்று இப்போதுதான் தெரிகிறது. நடுக்கம் வருவதற்குப் பல வருஷம் முன்னாலேயே அது வரலாம். மலச்சிக்கல், தூக்கத்தில் கை காலை உதறிக் கத்துவது ஆகியவையும் அப்படித்தான். வாசம் போன எல்லோருக்கும் பார்க்கின்சன் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூளைக்குள்ள என்னதான் நடக்குது?

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரின் நிலையை விவரித்து ஒரு சிறு நூல் எழுதினார். நோய்க்குப் பெயர் வந்தது அவரிடமிருந்து. காரணம் பிடிபட இன்னும் நூற்று சொச்சம் வருஷம் ஆனது.

நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு சிறிய பகுதி இருக்கிறது. பார்க்கக் கறுப்பாக இருக்கும், பெயரின் அர்த்தமே அதுதான். அங்குள்ள சில லட்சம் நரம்பு செல்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரித்து, நீளமான நரம்பு இழைகள் வழியாக மேலே இருக்கிற ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்கு அனுப்புகின்றன. நம்ம அசைவுகளை ஒழுங்குபடுத்துவது அங்கேதான்.

போடிமெட்டு ரோட்டில் பதினேழு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் மாற்றி மாற்றி மிதிப்பார். ஸ்ட்ரையேட்டத்திலும் இரண்டு பாதை உண்டு. ஒன்று அசைவை விடுவிக்கும், இன்னொன்று பிடித்து நிறுத்தும். டோபமைன் முதல் பாதையைத் தூண்டி, இரண்டாவதை அடக்கும். டோபமைன் குறைந்தால் பிரேக்கை மிதித்த கால் எழவே எழாது. கையைத் தூக்க வேண்டும் என்று தாத்தா நினைக்கிறார், கட்டளையும் போகிறது, ஆனால் வண்டி நகர மாட்டேன் என்கிறது. தசையில் பழுது இல்லை, கோளாறு கன்ட்ரோலரில்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த செல்களில் ஏறக்குறைய பாதிக்கு மேல் செத்த பிறகுதான் நடுக்கமும் விறைப்பும் வெளியே தெரியும். அதுவரை மிச்சமிருப்பவை கூடுதலாக வேலை பார்த்துச் சமாளித்துவிடும். ஃபீட்பேக் லூப் நன்றாக வேலை செய்தால் பழுது வெளியே தெரியாது என்று கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் படித்தோமே, அதேதான்.

ஏன் சாகின்றன? முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் தப்பாக மடிந்து செல்லுக்குள் கட்டி கட்டியாகச் சேர்வது ஒன்று. இந்தக் கட்டிகளுக்கு லூயி பாடி என்று பெயர். சிலருக்கு மரபணு காரணம். சுற்றுச்சூழலுக்கும் பங்கு உண்டு. 1982இல் கலிபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரித்த போதை மருந்தைப் போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர் திடீரென்று சிலை மாதிரி உறைந்துபோனார்கள். அதில் கலந்திருந்த எம்பிடிபி என்ற கலப்படப் பொருள் உடலுக்குள் வேறொன்றாக மாறி டோபமைன் செல்களைக் கொன்றிருந்தது. அந்த மாறிய பொருளின் மூலக்கூறு அமைப்பு, பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் அமைப்பைப் போலவே இருந்தது. பாராகுவாட், ரோட்டினோன் போன்றவற்றைக் கையாண்டவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. கேரளா 2011இல் தடை செய்த பூச்சிமருந்து, களைக்கொல்லிப் பட்டியலில் பாராகுவாட்டும் இருந்தது.

ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பு எவ்வளவு என்று எங்க ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாத்தாவுக்கு நோய் வந்தது அதனால்தான் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு தனி மனிதர் விஷயத்தில் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மருந்தடிக்கப் போகிற அண்ணன்மார் வெறும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் சும்மா இருக்க முடிவதில்லை.

பூனைக்காலியும் சென்னையும்

டோபமைன் குறைந்தால் டோபமைனையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? கொடுத்தும் பயனில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது, டோபமைன் அதைத் தாண்டாது. ஆனால் டோபமைனுக்கு முந்தைய கட்டப் பொருளான எல்-டோபா தாண்டும். உள்ளே போனதும் அது டோபமைனாக மாறிக்கொள்ளும்.

இந்த எல்-டோபா கதையில் நம்ம ஊரும் இருக்கிறது. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். பூனைக்காலி தெரியும்தானே? மேலே பட்டால் சொறிந்தே சாக வேண்டும், மலையடிவாரத்தில் வேலியெல்லாம் படர்ந்து கிடக்கும். அன்றைக்கு அதற்கும் நடுக்கத்துக்கும் சம்பந்தம் உண்டென்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. இருபது வருஷம் கழித்து ஸ்வீடனில் அர்வித் கார்ல்சன், ரிசர்பின் கொடுத்து அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு எல்-டோபா ஊசி போட்டார். முயல்கள் எழுந்து ஓடின. 2000ஆம் வருஷ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். 1967இல் ஜார்ஜ் கோட்சியஸ் சிறிது சிறிதாக அளவைக் கூட்டி வாய்வழியாகக் கொடுத்து நோயாளிகளை நடக்க வைத்தார். இன்றைக்கும் பார்க்கின்சனுக்கு முதன்மை மருந்து இதுதான். வழியிலேயே வீணாகாமல் இருக்க கார்பிடோபாவைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

(உடனே பூனைக்காலி பொடி வாங்கக் கிளம்பிவிடாதீங்க. ஒவ்வொரு பொடியிலும் எவ்வளவு எல்-டோபா இருக்கும் என்பது மாறும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் அதையும் சேர்த்தால் அளவு கைமீறிப் போய்விடும்.)

மாத்திரைக்கு ஒரு குறை உண்டு. சில வருஷம் அருமையாக வேலை செய்யும். அப்புறம் மருந்து வேலை செய்கிற நேரம் 'ஆன்', தீர்ந்த நேரம் 'ஆஃப்' என்று நாள் முழுக்க மேலும் கீழுமாக ஆடும். அளவைக் கூட்டினால் உடம்பு தானாக நெளிய ஆரம்பிக்கும். செல்கள் சொட்டுச் சொட்டாகத் தேவைக்கேற்பக் கொடுத்ததை, நாம் மூன்று வேளை வாளியில் ஊற்றுகிறோம். கரண்ட் போய்ப் போய் வருகிற வீடு மாதிரிதான்.

அப்படியானால் செத்த செல்லுக்குப் பதில் புது செல்லையே வைத்துவிட்டால்? ஸ்டெம் செல் ஆராய்ச்சியின் கேள்வி இதுதான்.

எந்த ஸ்டெம் செல்?

ஸ்டெம் செல் என்றால் இன்னும் 'டிபார்ட்மென்ட் ஒதுக்காத' செல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும், வேறு வகை செல்லாக மாறவும் செய்யும். ஆனால் எல்லா ஸ்டெம் செல்லும் ஒன்றல்ல. எங்க வீட்டுக்கு வந்த நோட்டீஸின் மொத்த விளையாட்டும் இந்த இடத்தில்தான்.

முதல் வகை, கரு ஸ்டெம் செல். சில நாளே ஆன கருவிலிருந்து எடுப்பது, 1998இல் மனிதக் கருவிலிருந்து முதலில் பிரித்தார்கள். உடம்பின் எந்த செல்லாகவும் மாறும்.

இரண்டாவது, ஐபிஎஸ் செல். ஜப்பானின் ஷின்யா யமனாக்கா 2006இல் எலியின் செல்லுக்குள்ளும் 2007இல் மனிதத் தோல் செல்லுக்குள்ளும் நாலே நாலு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கரு நிலைக்கே திருப்பிக் கொண்டுபோனார். ஃபேக்டரி ரீசெட் மாதிரி. 2012இல் ஜான் கர்டனோடு சேர்த்து நோபல் கிடைத்தது.

மூன்றாவது, வளர்ந்த உடம்பில் இருப்பவை. எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் செய்கிற மஜ்ஜை மாற்று இதை வைத்துத்தான், வேலூர் சிஎம்சியில் 1986லிருந்து நடக்கிறது. அதே மஜ்ஜையில் மீசென்கைமல் என்று இன்னொரு வகையும் இருக்கிறது. அது எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு என்று மாறும். மூளைக்குத் தேவையான டோபமைன் செல்லாக அது மாறி வேலை செய்யும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. சில வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து அக்கம்பக்கத்து செல்லுக்கு உதவலாம் என்பதுதான் அதில் இருக்கிற எதிர்பார்ப்பு.

நாற்று வைத்தவர்கள் கதை

ஏலம் வைத்தவர்களுக்குத் தெரியும், நாற்று ஊன்றிய அன்றைக்கே காய் வராது. வேர் பிடிக்கணும், நிழல் வேணும், மூன்றாவது வருஷம்தான் காய் பார்க்கலாம். மூளையில் செல் நடுவதும் அப்படித்தான் போயிருக்கிறது.

1987இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் லிண்ட்வால், பியோர்க்லுண்ட் குழுவினர் கருச்சிதைவில் கிடைத்த கருவின் நடுமூளைத் திசுவை நோயாளிகளுக்கு வைக்கத் தொடங்கினார்கள். அடுத்த சில வருஷங்களில் சிலருக்கு அற்புதமான முன்னேற்றம் தெரிந்தது. உலகமே பரபரத்தது. ஆனால் அமெரிக்காவில் 40 பேரை வைத்து ஒழுங்காகச் சோதித்து 2001இல் முடிவை வெளியிட்டபோது சுருதி இறங்கியது. பாதிப் பேருக்குத் திசுவை வைத்தார்கள், மீதிப் பேருக்கு மண்டையில் துளை மட்டும் போட்டு எதையும் வைக்காமல் மூடிவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. 60 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்குக் கொஞ்சம் பலன் இருந்தது, மூத்தவர்களுக்குத் தெளிவான பலன் இல்லை. அதோடு திசு பெற்றவர்களில் 15 சதவீதம் பேருக்கு மாத்திரையைக் குறைத்த பிறகும், நிறுத்திய பிறகும்கூட உடம்பு தானாக நெளிகிற தொந்தரவு வந்தது.

அதே ஆய்விலிருந்து இன்னொன்றும் வெளிவந்தது. உண்மையில் எது நடந்திருந்தாலும், 'எனக்குத் திசு வைத்துவிட்டார்கள்' என்று நம்பியவர்கள் வாழ்க்கை நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். நம்பிக்கையே டோபமைனைக் கூட்டும் நோய் இது. அதனால்தான் "எங்க மாமாவுக்கு ஊசி போட்டாங்க, மறுநாளே எழுந்து நடந்தார்" என்கிற வீடியோவை ஆதாரமாக எடுக்க முடியாது. மாமா பொய் சொல்லவில்லை. ஆனால் நடக்க வைத்தது ஊசியா நம்பிக்கையா என்று அந்த வீடியோவை வைத்துப் பிரிக்க வழியில்லை.

2008இல் இன்னொரு அதிர்ச்சி. பத்துப் பதினைந்து வருஷம் முன்னால் திசு வைத்தவர்கள் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது, புதிதாக வைத்த செல்களில் சிலவற்றிலும் லூயி பாடி இருந்தது. கட்டே நோய் விழுந்த தோட்டத்தில் புது நாற்று வைத்தால் அதற்கும் தேமல் ஒட்டிக்கொள்கிற மாதிரி. நல்ல செய்தி, பெரும்பாலான செல்கள் அப்போதும் நலமாகவே இருந்தன.

2025இல் என்ன வந்தது?

கருச்சிதைவுத் திசு ஒரே தரத்தில் கிடைக்காது, போதிய அளவும் கிடைக்காது, அறச்சிக்கலும் உண்டு. அதனால் ஆய்வாளர்கள் கரு ஸ்டெம் செல், ஐபிஎஸ் இரண்டையும் ஆய்வகத்தில் டோபமைன் செல்லாக வளர்க்கும் வழியைத் தேடினார்கள். எந்த நாளில் எந்தச் சமிக்ஞைப் பொருளை எவ்வளவு ஊற்ற வேண்டும் என்ற சமையல் குறிப்பு பிடிபடவே பல வருஷம் ஆனது. மாறாத செல் ஒன்றிரண்டு மிஞ்சினாலும் மூளையில் கட்டியாக வளரலாம், அதனால் வடிகட்டுவதும் சோதிப்பதும் மிக முக்கியம்.

2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் இரண்டு முடிவுகள் ஒன்றாக வந்தன.

முதலாவது ஜப்பானின் கியோட்டோ. ஜுன் தகாஹாஷி குழு, ஆரோக்கியமான ஒருவரின் செல்லிலிருந்து வந்த ஐபிஎஸ் செல்லை டோபமைன் முன்னோடி செல்லாக்கி, 50 முதல் 69 வயது வரையுள்ள 7 பேருக்கு மூளையின் இரண்டு பக்கமும் வைத்தது. முதல் அறுவைச் சிகிச்சை 2018 அக்டோபரில் நடந்தது. 24 மாதம் கண்காணித்ததில் கடுமையான பாதிப்பு எதுவும் இல்லை, கட்டி வளரவில்லை. பலனைக் கணக்கிட்ட 6 பேரில் 4 பேருக்கு 'ஆஃப்' நேர அசைவு மேம்பட்டது. பெட் ஸ்கேனில் டோபமைன் உற்பத்தி கூடியதும் தெரிந்தது.

இரண்டாவது அமெரிக்காவும் கனடாவும். கரு ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய பெம்டானெப்ரோசெல் என்ற தயாரிப்பு, 12 பேர், 18 மாதம். இங்கேயும் வைத்த செல்லால் கடுமையான பாதிப்பு இல்லை. அதிக அளவு செல் பெற்ற 7 பேருக்கு 'ஆஃப்' நேர அசைவு மதிப்பெண் சராசரியாக 23 புள்ளி குறைந்தது. இந்த அளவுகோலில் மதிப்பெண் குறைந்தால் நல்லது.

இரண்டிலும் செல்லை வைத்தது சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் இல்லை, டோபமைன் போய்ச் சேர வேண்டிய ஸ்ட்ரையேட்டத்தின் ஒரு பகுதியான பியூட்டமெனில். பழைய இடத்தில் வைத்தால் வளர்ந்த மூளையில் அத்தனை தூரத்துக்கு இழை வளராது. மோட்டாரைக் கிணற்றடியில் வைக்காமல் வயலிலேயே வைத்த மாதிரி. வேறொருவர் செல் என்பதால் உடம்பு நிராகரிக்காமல் இருக்க ஒரு வருஷமோ அதற்கு மேலோ எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தும் கொடுத்தார்கள்.

கைதட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம். இரண்டும் முதற்கட்ட ஆய்வு. 'ஆபத்தில்லையே?' என்பதுதான் முக்கியக் கேள்வி. எதையும் வைக்காத ஒப்பீட்டுக் குழு இரண்டிலும் இல்லை. நம்பிக்கையின் பங்கு எவ்வளவு, செல்லின் பங்கு எவ்வளவு என்று இன்னும் பிரிக்கவில்லை. அதற்காகத்தான் பெம்டானெப்ரோசெல்லுக்குச் சுமார் 100 பேரை வைத்து, பொய் அறுவைச் சிகிச்சைக் குழுவோடு மூன்றாம் கட்ட ஆய்வு 2025இல் தொடங்கியது. ஜப்பானிய நிறுவனம் 2025 ஆகஸ்டில் தன் நாட்டு அரசிடம் அனுமதி கேட்டு விண்ணப்பித்தது.

எல்லாம் வெற்றி பெற்றாலும் இது நடுக்கம், விறைப்பு, மெதுவாதல் ஆகியவற்றுக்கான தீர்வுதான். வாசம் போனது, மலச்சிக்கல், தூக்கக் கோளாறு, ஞாபகம் போன்றவை டோபமைன் பாதைக்கு வெளியே இருப்பவை. நோயின் வேரும் அப்படியே இருக்கும். 'நிரந்தரத் தீர்வு' என்ற வார்த்தையை இந்த இரண்டு குழுவுமே சொல்லவில்லை.

நம்ம நாட்டில்?

இந்தியாவிலும் நேர்மையாக முயன்றிருக்கிறார்கள். பெங்களூரில் மருத்துவர் வெங்கடரமணா குழு, நோயாளியின் சொந்த மஜ்ஜையிலிருந்து எடுத்த மீசென்கைமல் செல்லை 7 பேருக்கு மூளையின் ஒரு பக்கம் வைத்து 2010இல் முடிவை வெளியிட்டது. பாதுகாப்பில் பிரச்சினை இல்லை, 3 பேருக்குத் தொடர்ந்து முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஆட்கள் குறைவு, ஒப்பீட்டுக் குழு இல்லை, அதனால் பலன் உண்டு என்று நிறுவ முடியவில்லை என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆய்வு என்றால் அப்படித்தான் இருக்கணும். தன் குறையைத் தானே சொல்லும்.

விதியும் தெளிவாக இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போல ஏற்கப்பட்டவை தவிர மற்ற எல்லா ஸ்டெம் செல் பயன்பாடும் ஆராய்ச்சிதான். அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் (சிடிஆர்ஐ) ஒரு எண் இருக்கும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

நோட்டீஸுக்கு வைவா

இதையெல்லாம் வைத்து ஐந்து கேள்வி எழுதிக் கொடுத்தேன். அப்பா நோட்டீஸில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

ஒன்று: எந்த செல், எங்கிருந்து எடுக்கிறீங்க? "ஸ்டெம் செல் சார், பெஸ்ட் குவாலிட்டி." மூன்றாவது தடவை கேட்டபோது, கொழுப்பிலிருந்து எடுப்பது என்றார்கள். அதாவது மீசென்கைமல்.

இரண்டு: எங்கே வைப்பீங்க? "கையில டிரிப்ஸ்தான் சார், பயமே வேண்டாம்." நரம்பு வழியாக ஏற்றும் இந்த செல்களில் பெரும்பகுதி முதலில் நுரையீரலில் போய்ச் சிக்கிக்கொள்ளும். மூளைக்குள் உரிய இடத்தில் பல லட்சம் டோபமைன் முன்னோடி செல்லை வைக்கிற வேலைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

மூன்று: சிடிஆர்ஐ எண்? "அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கு, நேர்ல வாங்க." அந்த இடத்தின் பெயரில் நான் தேடிப் பார்த்தேன். எதுவும் இல்லை.

நான்கு: ஆய்வு என்றால் காசு ஏன்? "இது ஆய்வு இல்ல சார், ட்ரீட்மென்ட்."

ஐந்து: எத்தனை பேருக்குக் கொடுத்து எத்தனை வருஷம் பார்த்தீங்க? "ஆளாளுக்கு ரிசல்ட் வேற வேற மாதிரி வரும் சார். இந்த மாசத்துக்குள்ள புக் பண்ணினா டிஸ்கவுன்ட் இருக்கு."

அப்பா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏலக்காய் வாங்குறவன்கூட எத்தனை எம்எம், எங்க விளைஞ்சதுன்னு கேட்டுத்தான் வாங்குறான். நான் பாட்டுக்கு வித்துப்புட்டு வந்திருப்பேன்" என்றார். இதில் அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. பெத்த அப்பா ஒரு டம்ளர் தண்ணியைச் சிந்தாமல் குடிக்க முடியாமல் கிடந்தால் யாருக்குமே கணக்கு மறந்துபோகும். அந்த மறதியை நம்பித்தான் இந்த நோட்டீஸ்கள் அச்சாகின்றன.

அப்ப நாம என்ன செய்யலாம்?

'இது வேண்டாம்' என்று சொல்லிவிட்டு நான் ஹாஸ்டலுக்குக் கிளம்பியிருந்தால் அது அரைகுறை வேலை. பார்க்கின்சன் நடுக்கம் சும்மா இருக்கும்போது வினாடிக்கு 4 முதல் 6 தடவை ஆடும், அதாவது 4–6 ஹெர்ட்ஸ். போனில் ஆக்ஸிலரோமீட்டர் இருக்கிறதே! ஒரு பழைய போனைத் தாத்தாவின் மணிக்கட்டில் கைக்குட்டையால் கட்டி, மணிக்கு ஒரு தடவை இரண்டு நிமிஷம் பதிவு செய்தேன். எஃப்எஃப்டி போட்டுப் பார்த்தால் 5 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோபுரம் மாதிரி ஒரு பீக். சிக்னல் ப்ராசஸிங் பேப்பரை முதல் தடவையாக நேசித்தது அன்றைக்குத்தான்.

அந்த பீக்கின் உயரத்தை நேரத்தோடு சேர்த்து ஐந்து நாள் வரைந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஏறியது. அப்பத்தா சோற்றோடு சேர்த்தே மாத்திரையையும் கொடுத்துக்கொண்டிருந்தது, அதுவும் பருப்பு, முட்டை, மீன் என்று சத்தாக. புரதம் செரிக்கும்போது வரும் அமினோ அமிலங்களும் எல்-டோபாவும் ஒரே வாசல் வழியாகத்தான் குடலிலிருந்தும் மூளைக்கும் போகணும். கூட்டத்தில் எல்-டோபா வெளியே நின்றுவிடுகிறது.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அவர் சிரித்துக்கொண்டே, "இந்த மாதிரி எல்லாரும் கொண்டுவந்தா என் வேலை பாதி குறையும்" என்றார். மாத்திரையைச் சாப்பாட்டிலிருந்து தள்ளி வைத்தார், வேளையைப் பிரித்தார், நடைப் பயிற்சிக்கு பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். (மாத்திரை நேரத்தை நீங்களாக மாற்றாதீங்க, அளந்து மருத்துவரிடம் காட்டுங்க.) நோய் போய்விடவில்லை. ஆனால் மத்தியான 'ஆஃப்' பாதியாகக் குறைந்தது. செலவு ஆறு லட்சம் இல்லை, பஸ் செலவும் பீஸும்தான்.

ஸ்டெம் செல் மேல் எனக்கு அவநம்பிக்கை இல்லை. சொல்லப்போனால் இந்த ஒரு மாதத்தில் மரியாதை கூடியிருக்கிறது. 1987லிருந்து 2025 வரை ஒரு தலைமுறையே தோற்றுத் தோற்று, தோற்றதை எழுதி வைத்து, அடுத்தவன் அதிலிருந்து தொடங்கி இங்கே வந்திருக்கிறது. செல் வளர்க்கும் பயோ ரியாக்டரின் கன்ட்ரோல், ஸ்கேன் படத்தை அலசும் நிரல், நடுக்கத்தை நாள் முழுக்க அளக்கும் சென்சார் என்று நம்ம டிபார்ட்மென்ட்டுகளுக்கும் அதில் வேலை இருக்கிறது. பைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் யோசிக்கலாம். என்னுடைய பதிவு முறை வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.

தோட்டம் இருக்கிறது. இந்தப் பொங்கலுக்குப் போனபோது புதுக் காய் ஸ்டோரிலிருந்து காய்ந்து வந்திருந்தது. தாத்தா பழக்க தோஷத்தில் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார்.

"வாசம் வருதா தாத்தா?"

"எங்க வருது." கொஞ்ச நேரம் ஒரு காயை விரலுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே இருந்தார். "ஆனா இது எட்டு எம்எம்முடா. விரலுக்குத் தெரியும்."

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். எட்டுதான்.